குளிர்நாட்டுக் கோட்டுக்கு ஆவணி வெயிலில் அளவெடுக்கலாமா?

ஆசிரியருக்கு,

நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் யாழ்ப்பாணத்துத் தையற்கடைகளுக்கு ஓய்வில்லை. றொறன்ரோ, லண்டன், சூரிச் என்று பல இடங்களிலிருந்து வந்து நிற்பவர்கள், நவராத்திரி தொடங்கித் தைப்பொங்கல் வரை அங்கே உடுக்கப் போவதை இங்கே தைக்கக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். சாறிச் சட்டையோடு இது நிற்பதில்லை. வாடாமல்லி நிறக் கோட், மயில்கழுத்து வெல்வெற்றில் நீளக்கைச் சட்டை, மெழுகிட்டுச் சாயமேற்றும் பத்திக் துணியில் ஜக்கெற் என்று, ‘பூட்டிக்’ என்று பலகை போட்ட சிறு உடுப்புக்கடைகளில் துணிந்து கேட்கிறார்கள். கடைகளும் துணிந்து தைக்கின்றன. கறுப்பும் சாம்பலுமாகக் கிடக்கும் பனித்தெருவில் அப்படியொரு நிறம் நடந்து போனால் வடிவுதான். ஆனால் நிறத்தில் காட்டும் துணிவு வெட்டில் இல்லை. வெட்டு இன்னும் இங்கத்தைய வெயிலுக்குத்தான்.

யாழ்ப்பாணத்தில் மார்கழிப் பனியிலும் வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே போவது அபூர்வம். றொறன்ரோவில் பொங்கலன்று அது பெரும்பாலும் பூச்சியத்துக்குக் கீழே. இந்த வித்தியாசம் முதலில் அளவு நாடாவில் தெரிய வேண்டும்.

நெஞ்சளவு 38 அங்குலம் உள்ளவருக்குச் சாறிச் சட்டையில் 1 அல்லது 1½ அங்குலத் தளர்வு போதும். கோட்டுக்குள்ளே குளிர்தாங்கும் தெர்மல் உள்ளுடுப்பு, சட்டை, ஸ்வெற்றர் என்று மூன்று அடுக்கு இருக்கும். ஆகவே 5 முதல் 7 அங்குலம் விட வேண்டும். கமக்கட்டுக் குழியையும் அரை முதல் முக்கால் அங்குலம் இறக்க வேண்டும். இறக்காவிட்டால் ஸ்வெற்றர் அங்கே சுருண்டு நெருக்கும். இறக்கிவிட்டுக் கையின் மேற்சுற்றை அகட்ட மறந்தால், கையைத் தூக்கும்போது கோட் முழுவதும் கூடவே ஏறும். திருப்பி வருகிற கோட்டுகளில் நாங்கள் அதிகம் காண்பது இந்த இரண்டாவது பிழையைத்தான். கைநீளத்தை முழங்கையை மடித்து வைத்து அளக்க வேண்டும். நேராகத் தொங்கவிட்டு அளந்தால் மணிக்கட்டு வெளியே தெரியும், குளிர் நேரே உள்ளே போகும்.

ஆவணியில் யார் ஸ்வெற்றரோடு வந்து நிற்பார் என்று கேட்பீர்கள். வர வேண்டாம். அங்கே அவருக்குச் சரியாகப் பொருந்தும் கோட் ஒன்றை வீட்டார் நிலத்தில் விரித்து, தெறிகளைப் பூட்டி, நாலு அளவு எடுத்து அனுப்பினால் போதும்: கமக்கட்டுக்குக் கமக்கட்டு, தோளுக்குத் தோள், கைநீளம், பின்கழுத்திலிருந்து அடிவரை.

சாறிக்கு மேல் போடும் கோட் வேறு கணக்கு. இடுப்பளவைச் சாறி உடுத்தபடியே, கொசுவத்துக்கு மேலால் எடுக்க வேண்டும். முந்தானை மடிப்பால் இடத்தோள் ஏற்கெனவே தடித்திருக்கும். அதற்கு மேல் தோள்பஞ்சும் வைத்தால் ஒரு பக்கம் உயர்ந்து தெரியும், ஆகவே பஞ்சு வேண்டாம். நீளம் முழங்காலுக்குக் கீழே வர வேண்டும், அடி விரிந்த வெட்டாக இருக்க வேண்டும். நேர்வெட்டுத்தான் வேண்டும் என்று நிற்பவருக்குப் பின்பக்கம் 12 அங்குலம் திறப்பு விடுங்கள், இல்லாவிட்டால் படி ஏற முடியாது. அங்கே தெருவில் பனி உருக உப்புப் போடுவார்கள். அது சாறிக் கரையில் வெள்ளையாகப் படியும். அடியில் ஃபோல் (கரையைக் காக்கும் உட்பட்டி) தைக்காத சாறியைக் கொடுத்தனுப்ப வேண்டாம்.

இனித் துணி. கொழும்பு புறக்கோட்டையில் ஏற்றுமதித் தொழிற்சாலை மிச்சத் துணிகள் கிடைக்கின்றன. நல்ல கம்பளியும் அகப்படும், கம்பளி என்ற பெயரில் அக்ரிலிக்கும் அகப்படும். ஓரத்தில் நாலு இழை உருவி நெருப்புக் காட்டிப் பாருங்கள். கம்பளி தலைமயிர் கருகும் மணத்தோடு தானே அணையும், சாம்பல் விரலில் நொறுங்கும். அக்ரிலிக் குப்பென்று பிடித்து உருகி, கறுத்த மணியாக இறுகும். கம்பளியை வெட்டுமுன் ஆவி காட்டியே ஆக வேண்டும். 10 அங்குலச் சதுரம் ஒன்றைச் சோக்கால் வரைந்து, ஈரக் கொட்டன் துணி விரித்து, அயன் பெட்டியை இழுக்காமல் வைத்து வைத்து எடுத்து, ஆறிய பின் அளந்து பாருங்கள். கால் அங்குலம் குறைந்திருந்தால் 42 அங்குலக் கோட்டில் 1 அங்குலம் போய்விடும். அந்தக் குறைவு வெட்டிய பின் வந்தால் கோட் சுருங்கும், உள்ளே போட்ட லைனிங் சுருங்காது, அடியில் பை போலத் தொங்கும்.

லைனிங்கில்தான் காசு மிச்சம் பிடிக்கப் பார்க்கிறோம். கொட்டன் லைனிங் இங்கத்தைய சட்டைக்கு நல்லது, கோட்டின் கைக்குள் அது ஸ்வெற்றரைப் பிடித்து இழுக்கும். நாலு நாள் இழுபட்டால் தோள்தையல் பிரியும். பொலியெஸ்ரர் சற்றின் வழுக்கும், ஆனால் சூடேற்றிய அறையின் வறண்ட காற்றில் மின்னேறி உடம்போடு ஒட்டும். விஸ்கோஸ் லைனிங் இரண்டுக்கும் மருந்து. அது சுருங்கும் என்பதால் நனைத்துக் காயவைத்த பிறகு வெட்டுங்கள். பின்நடுவில் 1 அங்குல மடிப்பு ஒன்று விட மறக்கக்கூடாது. குனியும்போது விரிவது அந்த மடிப்புத்தான். (பொலியெஸ்ரர் சாறி காலில் ஒட்டுகிறது என்று அங்கிருந்து தொலைபேசியில் முறையிடுபவர்களுக்கும் இதே காரணம்தான்: உள்பாவாடையைக் கொட்டனுக்கு மாற்றினால் பெரும்பாலும் தீரும்.)

கொலர் விறைப்பாக நிற்கச் சூட்டில் ஒட்டும் கன்வஸ் துணி வைக்கும்போது 130 முதல் 150 பாகைச் சூட்டில் ஓரிடத்தில் 10 முதல் 15 செக்கன் அழுத்தி, தூக்கி, அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். சட்டை மினுக்குவது போல இழுத்தால் பசை நகர்ந்துவிடும். ஆறும்வரை தட்டையாகக் கிடக்கட்டும். முதல் உலர்சலவையிலேயே கொலரில் கொப்புளம் எழும்பினால் சூடு போதவில்லை, அல்லது ஆவி காட்டாத துணி. பத்திக் துணியில் மூன்றாவது காரணமும் உண்டு: மிச்ச மெழுகு. மெழுகிருக்கும் இடத்தில் பசை பிடிக்காது. இரண்டு தாள்களுக்கிடையே வைத்து மினுக்கி, தாளில் கறை வராத வரைக்கும் தாளை மாற்றுங்கள். பத்திக்கின் சாயத்தையும் சோதிக்க வேண்டும். ஈர வெள்ளைத் துணியால் பத்துத் தரம் தேய்த்தும் நிறம் ஏறாவிட்டால்தான் வெளிர் நிறத்துக்குப் பக்கத்தில் அதைத் தைக்கலாம்.

வெல்வெற்றை ரோமம் ஒரே திசையில் படியும்படி எல்லாத் துண்டுகளையும் வெட்ட வேண்டும். ஒரு கை தலைகீழாகப் போனால் அதே துணி இரண்டு நிறமாகத் தெரியும். இதற்கு ஐந்தில் ஒரு பங்கு வரை கூடுதல் துணி வாங்குங்கள். ரோமத்தோடு ரோமம் வைத்துத் தைக்கும்போது மேல்துணி நழுவிப் போகும். குண்டூசி தடம் விடும், ஆகவே கையால் நூலோட்டிய பிறகே மெசினில் வையுங்கள். மினுக்குவதென்றால் இன்னொரு வெல்வெற் துண்டின் மேல் முகம் கீழாகப் போட்டு ஆவி மட்டும் காட்டுங்கள்.

நிறம் பொருத்துவதற்கும் ஒரு சொல். நத்தார்க் காலத்தில் லண்டனில் பகல் 8 மணித்தியாலத்துக்கும் குறைவு. உங்கள் மாம்பழ மஞ்சளை அங்கே பெரும்பாலானோர் மின்விளக்கில்தான் பார்க்கப் போகிறார்கள். நூல், லைனிங், தெறி மூன்றையும் வாசல் வெளிச்சத்திலும் மஞ்சள் குமிழின் கீழும் பார்த்துவிட்டு வாங்குங்கள். தெறி 1 அங்குலத்துக்குக் குறையக்கூடாது. கையுறை போட்ட விரல் சின்னத் தெறியைப் பிடிக்காது.

ஐப்பசி, கார்த்திகை மாரியில் முடித்த உடுப்பைப் பொலித்தீனில் கட்டி அலுமாரியில் வைத்தால் பூஞ்சணம் நிச்சயம். காய்ந்த கொட்டன் துணியில் சுற்றி வையுங்கள், சரிகையில் நப்தலீன் உருண்டை படக்கூடாது. அனுப்பும்போது பெட்டியின் அளவைப் பாருங்கள். விரைவுப் பொதிச் சேவைகள் பொதுவாக நீளம், அகலம், உயரத்தைச் சென்ரிமீற்றரில் பெருக்கி 5000 ஆல் வகுத்து வருவதையும் நிறையாகக் கணிக்கும், இரண்டில் கூடியதற்கே காசு. 40, 30, 15 அளவுள்ள பெட்டி 3.6 கிலோ. உள்ளே இருக்கும் கோட் 2 கிலோவாக இருந்தாலும் அதுதான் கணக்கு. அதற்காக வெல்வெற்றைக் காற்றுறிஞ்சும் பையில் நசுக்க வேண்டாம், ரோமம் திரும்ப எழும்புவது கஷ்டம்.

தையற் பயிற்சி நிலையங்களிடம் ஒரு வேண்டுகோள். சாறிச் சட்டைக்கும் பாடசாலைச் சீருடைக்கும் ஒதுக்கும் நாட்களில் ஒரு கிழமையை லைனிங் போட்ட கோட்டுக்குக் கொடுங்கள். படிக்கும் பிள்ளைகளுக்கு அது தொழில். தைக்கக் கொடுப்பவர்களிடமும் ஒன்று: கோட்டை இரண்டு தரம் போட்டுப் பார்க்க வேண்டும், லைனிங் வைக்குமுன் ஒன்று, தெறி வைக்குமுன் ஒன்று. தேருக்கு மறுநாள் துணியோடு வந்து, அடுத்த கிழமை விமானம் என்றால் இரண்டுக்கும் இடமில்லை. கொடியேற்றத்தன்றே வாருங்கள்.

இங்ஙனம்,
தனி உடுப்புக்கடைத் தையற்காரர் இருவர்,
திருநெல்வேலி, யாழ்ப்பாணம்.