பணத்தைக் கேளுங்கள், கணக்கையும் காட்டுங்கள்

சிங்கப்பூர் நிறுவனங்களின் சம்பளப் பிரிவிலும் மனிதவளப் பிரிவிலும் வேலை பார்ப்பவர்களுக்கு,

வணக்கம். துவாஸில் ஒரு கிடங்கில் ஸ்டோர் கிளார்க்காக நான்கு வருஷம் இருந்தேன். வேலையை விட்டு 14 மாதம் கழித்துப் பழைய கம்பெனியிலிருந்து பதிவுத் தபால் வந்தது. ஓவர்டைம் சம்பளம் 1,930 வெள்ளி கூடுதலாகக் கொடுத்துவிட்டார்களாம். 14 நாளில் கட்டாவிட்டால் சட்ட நடவடிக்கையாம். மொத்தமே ஐந்து வரி. எந்த மாதம், எத்தனை மணி நேரம், எங்கே தப்பு நடந்தது, ஒன்றும் இல்லை.

கடிதத்தை நான் வாய்விட்டுப் படித்தபோது அம்மா பக்கத்தில் நின்றிருந்தார். “என்னடா, எடுக்கக் கூடாத காசை எடுத்துட்டியா?” என்று கேட்டார். 1,930 வெள்ளியைவிட அந்தக் கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை.

தவறுதலாகக் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்க முதலாளிக்கு உரிமை உண்டு. வேலையில் இருக்கும்போதே என்றால் சம்பளத்தில் பிடித்துக்கொள்ள வேலை நியமனச் சட்டம் இடம் தருகிறது. அதை நான் மறுக்கவில்லை. எவ்வளவு என்பதுதான் என் கேள்வி.

போன் செய்து கேட்டேன். 11 மாதமாக ஷிப்ட் அலவன்ஸையும் சேர்த்து ஓவர்டைம் கணக்குப் போட்டுவிட்டதாக ஒருவர் சொன்னார். சரி, பார்த்துவிடுவோம் என்று பிஸ்கட் டின்னைத் திறந்தேன். சம்பளச் சீட்டுகளைத் தேதி வாரியாக ரப்பர் பேண்டு போட்டு வைத்திருப்பேன். 2016 ஏப்ரலிலிருந்து ஓவர்டைம் மணி நேரத்தையும் தொகையையும் சீட்டில் தனித்தனியாகக் காட்டியாக வேண்டும் என்பது சட்டம். அந்தச் சட்டம் எவ்வளவு பெரிய உதவி என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

மாத அடிப்படைச் சம்பளத்தை 12ஆல் பெருக்கி, 52 வாரம், வாரத்துக்கு 44 மணி என்று 2,288ஆல் வகுத்தால் ஒரு மணி நேரச் சம்பளம். ஓவர்டைமுக்கு அதில் ஒன்றரை மடங்கு. என் அடிப்படைச் சம்பளம் 2,200 வெள்ளிக்கு அது 17 வெள்ளி 31 காசு. 250 வெள்ளி அலவன்ஸையும் கூட்டிப் போட்டால் 19 வெள்ளி 27 காசு. தங்கை கால்குலேட்டரைத் தட்ட, நான் ஒவ்வொரு சீட்டாக எடுத்துக் கொடுத்தேன். அவர்கள் சொன்ன 11 மாதத்தில் 5 மாதச் சீட்டுகளில் 17.31தான் இருந்தது. மீதி 6 மாதத்தில் 238 மணி நேரம், மணிக்கு 1 வெள்ளி 96 காசு கூடுதல். ஆக மொத்தம் 466 வெள்ளி 48 காசு. அதிலும் 20 சதவீதம் என் மத்திய சேம நிதிக் கணக்குக்குப் போயிருக்கிறது. கையில் வராத அந்தப் பணத்தையும் கையிலிருந்து எப்படித் தருவது?

சீட்டுகளின் நகலோடு இதையெல்லாம் எழுதி, மாத வாரிக் கணக்கு கேட்டு மின்னஞ்சல் அனுப்பினேன். பதிலுக்கு அதே ஐந்து வரி, புதுத் தேதியோடு மறுபடி வந்தது.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். எனக்குச் சம்பளப் பாக்கி இருந்திருந்தால், வேலையை விட்ட 6 மாதத்துக்குள், சம்பளத் தகராறுகளைக் கவனிக்கும் டாடெம் (TADM) அமைப்பிடம் போயிருக்க வேண்டும். அதற்கப்புறம் அந்த வழி எனக்கு மூடிவிடும். விலகிப் போனவரின் சம்பளப் பதிவுகளை நீங்கள் வைத்திருக்க வேண்டியதோ ஒரு வருஷம்தான். அதுவும் தாண்டிய பிறகு கடிதம் அனுப்புகிறீர்கள் என்றால், எந்தத் தாளைப் பார்த்து அந்தத் தொகையை எழுதினீர்கள்? அந்தத் தாள் உங்களிடம் இருந்தால் அதன் நகலை வைத்து அனுப்புவதில் என்ன கஷ்டம்? இல்லையென்றால் வழக்குப் போடுவோம் என்று எப்படி எழுத முடிகிறது?

என்னோடு வேலை பார்த்த ஒருவருக்கும் இதே போலக் கடிதம் போயிருக்கிறது. அவர் சீட்டுகளை வைத்திருக்கவில்லை. பயந்துபோய் மாதம் 200 வெள்ளி கட்டுவதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டார். தான் உண்மையில் எவ்வளவு கட்ட வேண்டும் என்பது அவருக்கு இன்றைக்கும் தெரியாது. இப்படிக் கடிதம் வந்தவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கிழித்துப் போடாதீர்கள், உடனே கையெழுத்தும் போடாதீர்கள். கணக்கு கேட்டு எழுத்தில் பதில் போடுங்கள்.

உங்களிடம் கேட்பதும் அதிகமில்லை. அடுத்த கடிதத்தின் பின்னால் ஒரு தாள் இணையுங்கள். மாதம், மணி நேரம், கொடுத்த தொகை, கொடுத்திருக்க வேண்டிய தொகை, சேம நிதிக்குப் போனது. பதில் சொல்ல ஒரு மாதமாவது கொடுங்கள். கேள்வி கேட்டால் பேசுவதற்கு ஒரு ஆளின் பெயரையும் நேரடி எண்ணையும் போடுங்கள். தவறு உங்கள் பக்கம் நடந்தது என்றால் அதையும் ஒரு வரியில் எழுதுங்கள். வீட்டில் அந்தக் கடிதத்தைப் படிக்கிற அம்மாவுக்கு அந்த ஒரு வரி போதும்.

கணக்கு சரியாக வந்த அன்றைக்கே என் பங்கைக் கட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஈசூனிலிருந்து ஒரு முன்னாள் ஸ்டோர் கிளார்க்