மூன்று ஞாயிறாக உன் முகம் பார்க்கவில்லை

மார்த்தாண்டம்

அன்பு மக்களே,

மூன்று ஞாயிறாக வீடியோவை அணைத்துவிட்டுத்தான் பேசுகிறாய். நெட் சரியில்லை என்கிறாய். சரி. இங்கே விடாத மழை, ரப்பர் வெட்டு நின்று கிடக்கிறது. அம்மாவுக்கு முட்டுவலி பரவாயில்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

ஜெர்மனியில் நீ வேலை பார்க்கும் வார்டில் எல்லாருக்கும் முன்னால் அந்த மூத்த நர்ஸ் உன்னைத் திருத்தியதை அம்மா சொன்னாள். முகத்தில் அடித்ததுபோல் பேசிவிட்டு, அடுத்த நிமிஷம் காபி குடிக்கக் கூப்பிட்டாராமே. ஜெர்மன்காரர்கள் பலருக்கு வேலையில் வந்த தப்பு வேறு, ஆள் வேறு. நமக்கு இரண்டும் ஒரே முகத்தில் ஒட்டியிருக்கிறது.

இதற்காகவே தேடிப் படித்தேன். பிறர் முன் ஒருவர் தனக்காகக் கோரும் மதிப்புதான் முகம் என்று கோஃப்மன் என்ற சமூகவியலாளர் 1955-ல் எழுதினார். பிறகு மரியாதைப் பேச்சைப் பற்றி பிரௌன், லெவின்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எழுதி 1987-ல் புத்தகமாக வந்த ஆய்வில் நம் கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கிராமத்துப் பேச்சும் இருக்கிறது. முகம் எல்லா ஊரிலும் உண்டு, காப்பாற்றும் விதம்தான் மாறுகிறது.

ஆனால் என்னை உறுத்துவது வேறு. அந்த நர்ஸ் சொன்னது புரியாமலே "யா, யா" (ஆமாம், ஆமாம்) என்று தலையாட்டினாயாம். நம் ஊரில் பெரியவர் பேசும்போது சரி சரி என்றால் மரியாதை, கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று பொருள். அங்கே "யா" என்றால் புரிந்தது, செய்துவிடுவேன். மருந்து அளவு, மக்களே! எத்தனை மில்லி என்று திருப்பிச் சொல்லிக் கேள்.

ஜெர்மன் மொழியில் பி2 நிலைப் பரீட்சையை முதல் தடவையிலேயே ஜெயித்தவள் நீ. சபையில் ஒருவர் விடாமல் சொன்னேன். வார்டில் புரியவில்லை என்பதை மட்டும் அப்பாவிடம் ஏன் சொல்லவில்லை?

ஏன் என்று எனக்கே தெரியும். ஏழாம் வகுப்பில், சித்தப்பா வீட்டார் எல்லாம் திண்ணையில் இருக்கும்போது, பின்னக் கணக்கு புரியவில்லை என்று நோட்டோடு வந்தாய். "வாத்தியார் மகளுக்கு இதுகூடத் தெரியாதா?" என்று சிரித்தேன். என் முகம் போய்விடுமே என்ற பயம். ஊரான் பிள்ளைக்குப் பத்துத் தடவை சொல்லிக் கொடுத்தவன் நான். அன்றைக்குப் பிறகு புரியவில்லை என்று நீ என்னிடம் வந்ததே இல்லை. எல்லாவற்றுக்கும் "சரிப்பா". அதை அடக்கம் என்று ஊரெல்லாம் பெருமை பேசினேன். அந்தத் தலையாட்டலைப் பழக்கிவிட்டது நான்தான். மன்னித்துக்கொள், மக்களே.

ஞாயிறு கூப்பிடு. அழுத முகமாக இருந்தாலும் காட்டு. அதுவரை, எத்தனை மில்லி என்று கேட்க மறக்காதே.

அப்பா