ரோனா கப்பலின் கதையைச் சரியாக எழுத உதவியவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

'ரோனா' கப்பல் பற்றிய தமிழ்த் தொகுப்பு முடிந்துவிட்டது. கைகொடுத்த எல்லோருக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி.

1926-இல் கட்டப்பட்டு, சென்னை, நாகப்பட்டினம், சிங்கப்பூர் என்று ஓடிக்கொண்டிருந்த பி.ஐ. கம்பெனி (பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி) கப்பல் அது, 8,602 டன். அதன் ஜோடிக் கப்பலான 'ரஜூலா'வில் அக்கரைக்குப் போய்வந்தவர்களின் குடும்பங்கள் இன்றும் அதன் பெயரைச் சொல்லும். ரோனாவின் பெயர்தான் நம்மிடம் தங்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் துருப்புக் கப்பலாக மாறிய ரோனா, 1943 நவம்பர் 26 மாலை அல்ஜீரியாவின் பூஜி (இன்றைய பெஜாயா) துறைமுகத்துக்கு அப்பால் ஜெர்மானிய விமானத்தால் தாக்கப்பட்டு மூழ்கியது. ஆயிரத்துக்கு மேற்பட்ட அமெரிக்கப் படைவீரர்கள் இறந்தார்கள். எதிரியின் தாக்குதலால் கடலில் ஒரே சம்பவத்தில் அமெரிக்கத் தரைப்படை இழந்த மிகப் பெரிய எண்ணிக்கை அதுவே.

முதல் வரைவில் "விமானம் குண்டு போட்டது" என்று மட்டும் எழுதியிருந்தோம். அது போதாது என்று எடுத்துச் சொன்ன ரேடியோ பொறியாளருக்கு நன்றி. வந்தது ஹென்ஷெல் 293: இறக்கையும் ராக்கெட்டும் கொண்ட, சுமார் 300 கிலோ வெடிமருந்து சுமந்த குண்டு. அதன் வாலில் எரியும் சுடரைக் கண்ணால் தொடர்ந்தபடி, விமானத்தில் இருப்பவர் சிறு கைப்பிடியை அசைத்து ரேடியோ வழியாக அதைத் திருப்புவார்.

படகுகள் பற்றிய பகுதியைத் திருத்தித் தந்த ஓய்வுபெற்ற கப்பல் ஊழியர்களுக்குத்தான் பெரிய கடன்பட்டிருக்கிறோம். கப்பலில் 22 உயிர்காப்புப் படகுகள் இருந்தன; கடலில் இறங்கியவை 8 மட்டுமே. படகு இரண்டு கயிறுகளில் தொங்கும், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இரண்டையும் ஒரே அளவில் விட வேண்டும். ஒரு பக்கத்துக் கப்பி துருவால் இறுகினாலும், கயிறு பெயின்ட் பூசி விறைத்திருந்தாலும், அந்த முனை நின்றுவிடும், மறுமுனை இறங்கும், படகு செங்குத்தாகத் தொங்கி ஆட்களைக் கொட்டிவிடும். துருவேறிய கப்பிகளைத்தான் பிழைத்தவர்கள் பலரும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். குண்டுக்குத் தப்பியவர்களைக் கொன்றதில் இந்தப் பராமரிப்புக் குறைக்கும் பங்குண்டு என்பதே எங்கள் முடிவு.

காற்றடைத்த லைஃப் பெல்ட்டை அக்குளுக்குக் கீழே ஏற்றிக் கட்ட வேண்டும். இடுப்பில் கட்டினால் மிதப்பு இடுப்பில், பாரம் மேலே. தலை தண்ணீருக்குள் கவிழும். பலர் அப்படித்தான் போனார்கள். இதை டம்மி வைத்துத் தண்ணீரில் காட்டிய நீச்சல் பயிற்றுநருக்கு நன்றி.

இருட்டிலும் பேரலையிலும் 606 பேரை மேலே இழுத்த, கண்ணிவெடி அகற்றும் கப்பலான 'பயனியர்' மாலுமிகளுக்கும் இந்த மடலில் இடம் உண்டு. 'கிளான் கேம்பல்', 'ஆதர்ஸ்டோன்' கப்பல்களும் ஆட்களை மீட்டன.

கடைசியாக, நாங்கள் படைவீரர்களை மட்டும் எண்ணிவிட்டு நிறுத்தியபோது, "கப்பல் ஆட்கள் எங்கே?" என்று கேட்டவர்களுக்கு. கப்பல் ஊழியர்களில் பெரும்பாலோர் இந்திய மாலுமிகள். அவர்களில் நூற்றுக்கு மேற்பட்டோர் திரும்பவில்லை. போரில் இறந்த இந்திய வணிகக் கப்பல் மாலுமிகள் ஏறத்தாழ 6,000 பேரின் பெயர்ப் பதிவேடு பம்பாயிலும் சிட்டகாங்கிலும் இருக்கிறது என்று வழிகாட்டியதும் நீங்கள்தான். அந்தக் கேள்விக்குப் பிறகே எங்கள் கணக்கில் அவர்களும் சேர்ந்தார்கள்.

இப்படிக்கு,
தொகுப்புக் குழுவினர்