வளவு முற்றத்தை மூடாதீர்கள்: செட்டிநாட்டு நகரத்தார் பெருமக்களுக்கு ஒரு திறந்த மடல்

ஊர் ஊராக நகரத்தார் சங்கங்களை நடத்தும் பெரியவர்களுக்கும், திருமண மண்டபம் வைத்திருக்கும் அண்ணன்மார்களுக்கும், நடுவில் முற்றம் வைத்த வளவு வீட்டுச் சாவியைக் கையில் வைத்திருக்கும் பங்காளிகளுக்கும் வணக்கம்.

நான் தேவகோட்டைப் பக்கத்துப் பெண். 31 வருடம் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அதில் பாதிக்கு மேல் நெஞ்சுநோய் வார்டில் போனது. ஐப்பசி பிறக்கப் போகிறது. முகூர்த்தங்கள் வரிசையாக நிற்கின்றன. அதற்குப் பின்னாலேயே உறவெல்லாம் கூடிக் கும்பிடும் பிள்ளையார் நோன்பு. மழை இறங்குவதற்குள் உங்களிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: ஆள் கூடும் இடத்தில் காற்றை அடைக்காதீர்கள்.

போன நோன்புக்கு எங்கள் உறவு முழுக்க ஒரு மண்டபத்தில் கூடினோம். வெளியே நல்ல மழை. சாரல் உள்ளே அடிக்கிறது என்று சன்னல்களைச் சாத்தி, நாலு ஏசியையும் போட்டுவிட்டார்கள். ஏறக்குறைய 200 பேர் இருந்திருப்போம். எங்கள் பெரியப்பச்சிக்கு (பெரியப்பாவுக்கு) 83 வயது. மூத்தவர் என்பதால் அவர்தான் எல்லோருக்கும் இழை எடுத்துக் கொடுத்தார். மாவில் பிடித்த பிள்ளையாரில் திரி எரியும் அந்த இழையை ஒவ்வொருவரும் அவர் முகத்துக்கு நேராகக் குனிந்து வாங்கினோம். பேரன் பேத்திகளில் இரண்டு பேர் இருமிக்கொண்டேதான் வந்தார்கள். மூன்றாம் நாள் பெரியப்பச்சிக்குக் காய்ச்சல். ஐந்தாம் நாள் விரலில் கருவி மாட்டிப் பார்த்தால் ரத்தத்தில் ஆக்ஸிஜன் 86 சதவீதம். பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தார். ஆனால் முகப்பிலிருந்து இரண்டாங்கட்டு வரை நடப்பதற்குள் இப்போது இரண்டு இடத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

அந்த மண்டபத்தில் நானும் இருந்தேன். இத்தனை வருடம் வார்டில் சன்னலைத் திற, திற என்று சொன்னவள், அன்றைக்கு எழுந்துபோய் ஒரு சன்னலைக்கூடத் திறக்கவில்லை. அந்த உறுத்தல்தான் இந்த மடலை எழுத வைக்கிறது.

மழைக்காலத்துக் காய்ச்சலுக்கு நம் வீடுகளில் முதலில் பழியைச் சுமப்பது வாடைக்காற்று. "ஊதக்காத்து பட்டுருச்சு" என்று சொல்லிக் கதவைச் சாத்துகிறோம். குளிரில் மூக்கின் தற்காப்பு கொஞ்சம் தளரலாம், உண்மைதான். ஆனால் கிருமி வாடையில் வருவதில்லை, மனிதரின் மூச்சில் வருகிறது. இருமினால் மட்டும் என்றில்லை, பேசினாலும் சிரித்தாலும் பாடினாலும் கண்ணுக்குத் தெரியாத துளிகள் வெளியே வந்து ஊதுபத்திப் புகை மாதிரி மிதக்கின்றன. ஃபுளூ, கொரோனா, காசநோய் எல்லாம் இந்த வழியில் பரவக்கூடியவை. தட்டம்மைக் கிருமி, நோயாளி அறையை விட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை காற்றில் நிற்கும். 2020 மார்ச்சில் அமெரிக்காவில் ஒரு பாடகர் குழு ஒரே கூடத்தில் இரண்டரை மணி நேரம் பாடிப் பழகியது. வந்திருந்த 61 பேரில் 53 பேருக்குக் கொரோனா வந்தது, இருவர் இறந்தார்கள். மார்கழியில் கதவைச் சாத்திக்கொண்டு திருப்புகழ் படிக்க உட்காரும் நாம் இதை மனதில் வைக்க வேண்டும்.

ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருகிறது என்று நினைப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். அது கொண்டுவருவதில்லை. அறைக்குள் இருக்கும் அதே காற்றைத்தான் இழுத்துக் குளிரவைத்து மறுபடி நம் மேல் விடுகிறது. சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பி மகன், பெரியப்பச்சி படுத்த பிறகு ஒரு சின்னக் கருவி வாங்கி வந்து கொடுத்தான். காற்றில் கரியமில வாயு எவ்வளவு என்று காட்டும். திறந்தவெளியில் பத்து லட்சத்தில் 420 பங்கு. நாம் விடும் மூச்சில் அதுவே சுமார் 40,000. ஆவணியில் ஒரு கல்யாணத்துக்கு அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். மூடிய ஏசி ஹாலில் தாலி கட்டும் நேரத்துக்கு 2,400 காட்டியது. கணக்குப் போட்டால், அங்கே நாம் இழுத்த காற்றில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு அடுத்தவர் விட்ட மூச்சு. அடுத்த வாரம் எங்கள் வளவில் முன்னோருக்குப் படைப்பு, நாற்பது பேர் பந்தியில். முற்றத்தை ஒட்டிக் கருவியை வைத்தேன். 560.

இந்த இரண்டு எண்ணையும் பார்த்தபோது நம் பாட்டன்மார் மேல் எனக்கு வந்த மரியாதையை எப்படிச் சொல்வது! தெருவில் நின்று பார்த்தால் முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு என்று எல்லா வாசல் நிலையும் ஒரே நேர்கோட்டில் தாண்டி, கொல்லைப்புற வெளிச்சம் தெரியும். அந்தக் கோட்டில் காற்று ஓடுகிறது. உயரமான மச்சு, மேலே காற்றுப்போக்கிச் சன்னல்கள், நடுவில் வானம் பார்த்த முற்றம். சூடான மூச்சுக்காற்று மேலே எழும்பி முற்றத்து வழியே போய்விடும். மழை பெய்தால் நாலு பக்கத்து ஓட்டிலிருந்தும் தண்ணீர் முற்றத்தில் இறங்கும், அண்டாவில் பிடிப்போம், ஆனால் யாரும் முற்றத்தை மூட மாட்டார்கள்.

இது ஊர்ப்பாசத்தில் சொல்வதில்லை. பெரு நாட்டின் லிமா நகரில் 8 மருத்துவமனைகளில் 70 அறைகளை அளந்து 2007ல் வெளியிட்டார்கள். கதவு சன்னல் திறந்திருந்தால் அறைக்காற்று ஒரு மணி நேரத்தில் 28 தடவை மாறியது. இயந்திரம் வைத்துக் காற்றோட்டம் செய்த அறைகளில் கிடைத்தது 12 தடவைதான். அதிலும் 1950க்கு முன் கட்டிய, உயர்ந்த கூரையும் பெரிய சன்னலும் உள்ள பழைய கட்டடங்களில் 40. புதுக் கட்டடங்களில் 17. நம் தமிழ்நாட்டிலேயே 1928ல் டாக்டர் சௌரி முத்து தாம்பரத்தில் காசநோய் மருத்துவமனையைத் தொடங்கியபோது, திறந்த காற்றைத்தான் பெரிய மருந்தாக நம்பினார். அப்போது காசநோய்க்கு மாத்திரையே கிடையாது.

அப்படிப்பட்ட முற்றத்தைத்தான் இப்போது ஊருக்கு ஊர் ஃபைபர் ஷீட் போட்டு அடைக்கிறோம். காரணம் எனக்குத் தெரியும். வருடத்தில் பத்து மாதம் பூட்டிக் கிடக்கும் வீடு. திருடன் இறங்குகிறான், புறா வந்து அசிங்கம் செய்கிறது, ஒழுகினால் தேக்குத்தூண் வீணாகிறது. சரி, திருடனுக்கு இரும்புக் கம்பி போடுங்கள், புறாவுக்கு வலை போடுங்கள், இரண்டும் காற்றைத் தடுக்காது. ஷீட் போட்டே ஆக வேண்டும் என்றால் கூரைக்கும் ஷீட்டுக்கும் நடுவே நாலு பக்கமும் ஒரு முழம் உயர்த்திப் போடச் சொல்லுங்கள். மழை உள்ளே வராது, மூச்சு வெளியே போகும். கொசுவுக்குப் பயந்து சன்னலைச் சாத்துகிறவர்களிடம் நான் சண்டைக்கு வரவில்லை, டெங்குவும் இந்தக் காலத்தில்தான் வருகிறது. சன்னலில் கொசுவலை அடியுங்கள், பிறகு திறந்து வையுங்கள்.

மண்டபக்காரர்களிடம் கேட்பது இது. ஏசி போட்டாலும் எதிரெதிராக இரண்டு சன்னலாவது திறந்திருக்கட்டும். கரண்ட் பில் கொஞ்சம் ஏறும், தெரியும். பந்தி நடக்கும் கூடத்தில் பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் ஒரு பக்கம் ஓடட்டும், அதற்கு எதிர்ப்பக்கக் கதவு திறந்திருக்கட்டும். எதிரில் திறப்பு இல்லாவிட்டால் ஃபேன் சும்மா சுற்றும். ஆளுக்கு நொடிக்கு 10 லிட்டர் வெளிக்காற்று என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. இதை அளக்கக் கருவி இல்லை என்றால் சாம்பிராணி போடுங்கள். ஆள் வருவதற்கு முன் ஹாலின் நடுவில் புகை போட்டுவிட்டுப் பத்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள். எங்கள் வளவில் அது முற்றத்தை நோக்கிச் சாய்ந்து மேலே போய்விடுகிறது. உங்கள் ஹாலில் அப்படியே தொங்கிக்கொண்டு நின்றால், வந்தவர்கள் மூச்சும் அப்படித்தான் நிற்கும்.

சங்கத்துப் பெரியவர்களால் மட்டுமே ஆகக்கூடிய ஒரு காரியம் இருக்கிறது. நம்மில் காய்ச்சலோடு ஏன் வருகிறார்கள்? வராவிட்டால் முகம் கோணும் என்றுதான். "மாமக்காரர் வீட்டுக் கல்யாணம், போகாமல் இருந்தால் வருடக்கணக்கில் சொல்லிக் காட்டுவார்கள்" என்று மாத்திரையைப் போட்டுக்கொண்டு கிளம்பி வருகிறவர்களை எனக்குத் தெரியும். காய்ச்சல், இருமல் இருக்கிறவர்கள் வராமல் இருப்பது குறையில்லை, மொய்யும் முறையும் பிறகு வந்து செய்துகொள்ளலாம் என்று சங்கத்தின் பெயரில் ஒரு வார்த்தை வரட்டும். பத்திரிகையிலும் ஒரு வரி அச்சாகட்டும். ஒரு வீட்டுக்காரர் சொன்னால் பகை வரும். சங்கம் சொன்னால் வழக்கமாகிவிடும்.

அதே நியாயம் சமையல்காரருக்கும், இலை எடுக்கும் பெண்களுக்கும் வேண்டும். அன்றைக்கு வராவிட்டால் அன்றைக்குக் கூலி இல்லை என்பதால் இருமலை அடக்கிக்கொண்டு பரிமாறுகிறார்கள். உடம்பு முடியாதவருக்கு அந்த நாள் கூலியைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிச் சளி பார்க்கச் சொல்லுங்கள். காசநோய்க்குப் பரிசோதனையும் மருந்தும் அங்கே இலவசம்.

பெரியவர்களை ஹாலுக்கு நடுவில் உட்கார வைக்காதீர்கள், முற்றத்து ஓரத்திலோ கதவை ஒட்டியோ நாற்காலி போட்டு ஒரு சால்வையைப் போர்த்திவிடுங்கள். ஃபுளூ ஊசி வருடா வருடம் போட வேண்டியது, வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும், ஆகவே முதல் முகூர்த்தத்துக்கு முன்பே டாக்டரிடம் கேட்டுப் போட்டுவிடுங்கள். இருமல் இருந்தும் வந்தே தீர வேண்டியவருக்கு வாசலில் சந்தனத்தோடு ஒரு என்95 மாஸ்க் எடுத்துக் கொடுங்கள்.

இந்த நோன்புக்கு எங்கள் உறவு மண்டபம் எடுக்கவில்லை. வளவிலேயே இழை எடுக்கிறோம். பெரியப்பச்சி தூணோரம் உட்காருவார். உங்கள் மண்டபத்தையோ வீட்டையோ அளந்து பார்க்க வேண்டும் என்றால் ஆள் அனுப்புங்கள். கருவியை எடுத்துக்கொண்டு காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர் எங்கே என்றாலும் பஸ் ஏறி வருகிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருத்தி,
தேவகோட்டை