பெட்டியில் 240, பேனலில் 60: விளையாட்டுக்கென வாங்கிய தொலைக்காட்சி குறித்த புகார்

பெறுநர்:
பொறுப்பு அலுவலர் அவர்கள்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

பொருள்: தங்கள் நிறுவனத்தின் 55 அங்குல 4கே எல்.சி.டி. தொலைக்காட்சியில் வீடியோ கேம் அசைவுகள் சீராகவும் தெளிவாகவும் தெரியாதது. பெட்டியில் அச்சிடப்பட்டுள்ள ‘அசைவுத் தெளிவு 240’ என்ற குறிப்பு வாங்குபவரைத் தவறான முடிவுக்கு இட்டுச் செல்வது. தொகையைத் திரும்பத் தருதல் அல்லது கருவியை மாற்றித் தருதல் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். மேற்குறிப்பிட்ட தொலைக்காட்சியை இரண்டு மாதங்களுக்கு முன் வாங்கினேன். அதை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான். பெட்டியின் முன்பக்கத்தில் ‘அசைவுத் தெளிவு 240’ என்று பெரிய எழுத்திலும், அதன் கீழே ‘வேகமான விளையாட்டுகளுக்கு ஏற்றது’ என்று சற்றுச் சிறிய எழுத்திலும் அச்சிட்டிருந்தீர்கள். நிறமும் ஒலியும் எனக்கு இரண்டாம் பட்சம். விளையாடும்போது காட்சி வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும், ஓடும்போதும் கூர்மை கெடக் கூடாது என்பதற்காகவே பழைய தொலைக்காட்சியை மாற்றினேன். அந்த ஒரு பயனைத்தான் இந்தக் கருவி தரவில்லை.

தங்கள் சேவை மையத்துடன் மூன்று முறை தொலைபேசியில் பேசினேன். முதல் முறை கேபிளை மாற்றச் சொன்னார்கள். இரண்டாம் முறை கேம் கன்சோலில் கோளாறு இருக்கலாம் என்றார்கள். மூன்றாம் முறை, ‘அந்த விளையாட்டே அப்படித்தான்’ என்று கூறிப் புகாரை முடித்துவிட்டார்கள். மூன்று விளக்கங்களையும் தனித்தனியே சோதித்துப் பார்த்த பிறகே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

முதலில் குறை என்னவென்று சொல்லிவிடுகிறேன். கார்ப் பந்தய விளையாட்டில் நேர்ச்சாலையில் செல்லும்வரை படம் குறையின்றி இருக்கிறது. வளைவில் திரும்பும் கணத்தில் சாலையோரப் பலகைகளின் எழுத்துகள் கரைந்து கோடுகளாகி விடுகின்றன. இருண்ட காட்சிகளில் நிலைமை இன்னும் மோசம்: குகைச் சுவருக்கு முன் ஓடும் உருவத்தின் பின்னால் கரிய நிழல் ஒன்று வால்போல் இழுபடுகிறது. கறுப்பிலிருந்து அடர்சாம்பலுக்கு மாறத் தங்கள் பேனலின் (படம் தோன்றும் திரைப்பலகையின்) படப்புள்ளிகள் அதிக நேரம் எடுத்துக்கொள்வதன் விளைவு அது. எல்.சி.டி. பேனல்களில் ஒரு வகையான வி.ஏ. பேனல்களில் இக்குறை உண்டு என்பது தெரிந்ததே என்பதால் அதை நான் பெரிதுபடுத்தவில்லை. என் புகாரின் மையம் வெளிச்சமான காட்சிகளிலும் தெரியும் அந்த மங்கல்தான்.

கேபிள் பற்றி: நான் பயன்படுத்துவது நொடிக்கு 48 கிகாபிட் அளவுக்குச் சான்று பெற்ற கேபிள். 4கே படத்தை நொடிக்கு 60 முறை அனுப்ப 18 கிகாபிட் கேபிளே போதும். அதோடு, டிஜிட்டல் கேபிளில் பழுது இருந்தால் படம் திடீரென மறையும், திரையில் பொறிபொறியாகப் புள்ளிகள் தெறிக்கும், இணைப்பு அறுந்து மீண்டும் வரும். நிற்கும்போது கூர்மையாகவும் நகரும்போது மட்டும் மங்கலாகவும் இருக்கும் ஒரு படத்தைக் கேபிளால் உண்டாக்க முடியாது. சேவை மையத்தில் இருப்பவர்களுக்கு இந்த அடிப்படையாவது சொல்லித் தரப்பட்டிருக்க வேண்டும்.

கன்சோல் பற்றி: அதே கன்சோலையும் அதே கேபிளையும் எடுத்துச் சென்று, உண்மையிலேயே 120 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 120 முறை படத்தைப் புதுப்பிக்கும்) பேனல் கொண்ட நண்பரின் தொலைக்காட்சியில் இணைத்தேன். அமைப்புப் பட்டியலில் 120 ஹெர்ட்ஸ் என்ற தெரிவு உடனே வந்தது. அதே வளைவில் பலகைகளை என்னால் படிக்க முடிந்தது. தங்கள் தொலைக்காட்சியில் இணைத்தபோது ‘இந்தத் திரை 120 ஹெர்ட்ஸை ஏற்பதில்லை’ என்று கன்சோல் அறிவித்தது. மூன்றாவது விளக்கத்துக்கும் இதுவே பதில், ஏனெனில் இரண்டு வீடுகளிலும் ஓடியது ஒரே விளையாட்டு. பெட்டியில் ‘எச்.டி.எம்.ஐ. 2.1’ என்ற இணைப்புத் தரத்தையும் போட்டிருக்கிறீர்கள். 2017 நவம்பரில் வெளியான அந்தத் தரத்தில் 120 ஹெர்ட்ஸ் போன்ற வசதிகள் கட்டாயமல்ல, விருப்பத்துக்கு உரியவை என்பதை நான் வாங்கிய பிறகே அறிந்தேன். வாங்கும் முன் அதை அறிந்திருக்க வேண்டியது வாடிக்கையாளரின் கடமை என்று தாங்கள் கருதினால், அதை என்னால் ஏற்க முடியாது.

அடுத்து, என் கைபேசியின் மெதுவோட்டக் கேமராவால், நொடிக்கு 240 ஃப்ரேம் (தனிப்படம்) வேகத்தில் திரையின் நடுப்பகுதியைப் படம்பிடித்தேன். அந்த வேகத்தில் கேமராவின் ஒவ்வொரு ஃப்ரேமும் ஏறத்தாழ 4.2 மில்லிநொடி. 240 என்ற எண் திரையின் வேகத்தைக் குறிப்பதாக இருந்தால், கேமராவின் ஒவ்வொரு ஃப்ரேமிலும் புதிய படம் பதிந்திருக்க வேண்டும். ஆனால் ஒரே படம் நான்கு ஃப்ரேம்கள் வரை மாறாமல் நின்ற பிறகுதான் அடுத்தது வந்தது. அதாவது ஒரு படம் 16.7 மில்லிநொடி நிற்கிறது. பேனல் நொடிக்கு 60 முறைதான் புதுப்பிக்கப்படுகிறது. எல்லா அமைப்புகளிலும் சோதித்தேன், எதிலும் இது மாறவில்லை.

இந்த 16.7 மில்லிநொடி ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைத் தங்கள் பொறியாளர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆயினும் இக்கடிதத்தை முதலில் படிப்பவர் பொறியாளராக இல்லாமல் இருக்கக்கூடும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். நகரும் பொருளை நம் கண் நிற்காமல் பின்தொடர்கிறது. எல்.சி.டி. திரையோ ஒவ்வொரு படத்தையும் அடுத்தது வரும்வரை ஒரே இடத்தில் பிடித்து நிறுத்தி வைக்கிறது. கண் முன்னே போய்விட, படம் பின்தங்கி நிற்க, அந்த இடைவெளி விழித்திரையில் இழுவையாகப் பதிகிறது. இதனால்தான் படப்புள்ளிகள் எவ்வளவு விரைவாக நிறம் மாறினாலும் இந்த மங்கல் மட்டும் மறைவதில்லை. 3840 புள்ளி அகலமுள்ள திரையை ஒரு பொருள் ஒரு நொடியில் கடக்கிறது என்று வைத்துக்கொண்டால், 60 ஹெர்ட்ஸில் அதன் விளிம்பு 64 புள்ளி அகலத்துக்குக் கரையும். விளையாட்டும் திரையும் 120இல் ஓடினால் அது 32 ஆகக் குறையும். பழைய பிக்சர் டியூப் தொலைக்காட்சிகளில் ஒவ்வொரு புள்ளியும் ஓரிரு மில்லிநொடி மட்டுமே ஒளிர்ந்து அணைந்ததால் இந்த இழுவை ஏறத்தாழ இல்லவே இல்லை. சிறுவயதில் அத்தகைய திரையில், பக்கவாட்டில் ஓடும் விளையாட்டுகளை ஆடியவன் நான். ஓடிக்கொண்டே இருக்கும் காட்சி எவ்வளவு தெளிவாக இருக்க முடியும் என்பதை என் கண் இன்னும் மறக்கவில்லை. அந்தத் தெளிவில் ஒரு பங்கையாவது மீட்டுத் தரும் என்று நம்பித்தான் 240 என்ற எண்ணைத் தேர்ந்தெடுத்தேன்.

அப்படியானால் அந்த 240 எதைக் குறிக்கிறது? தங்கள் கையேட்டில் இதற்கு ஒரு வரி விளக்கமும் இல்லாததால் நானே தேடிப் பார்க்க வேண்டியதாயிற்று. அந்த அமைப்பை இயக்கினால் இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஒன்று, வந்த இரு படங்களுக்கு நடுவே தொலைக்காட்சி தானே ஒரு படத்தைக் கணித்துச் செருகுகிறது. நொடிக்கு 24 அல்லது 30 படங்கள் வரும் காட்சிகளுக்கு அது பயன்படலாம். ஆனால் விளையாட்டு ஏற்கெனவே 60 படங்களை அனுப்பும்போது, 60 மட்டுமே காட்டக்கூடிய பேனலில் புதிய படத்தைச் செருக இடமேது? இரண்டாவது, பேனலுக்குப் பின்னிருந்து ஒளி தரும் விளக்கை, அதாவது பின்னொளியை, அணைத்து அணைத்து எரிய விடுகிறது. கேமராப் பதிவில் அது தெளிவாகவே தெரிகிறது: ஒரே படம் நிற்கும் நான்கு ஃப்ரேம்களில் ஒளி, இருள், ஒளி, இருள் என்று வரிசையாக மாறுகிறது. பின்னொளி ஒரு படத்துக்கு ஒரே ஒரு முறை மின்னியிருந்தால் மங்கல் உண்மையாகவே குறைந்திருக்கும். இரண்டு முறை மின்னுவதால் ஒவ்வொரு விளிம்பும் இரட்டைக் கோடாகத் தெரிகிறது, வெளிச்சமும் பாதியாகக் குறைகிறது. மங்கலாக ஒரு பலகை தெரிந்த இடத்தில் இப்போது மங்கிய இரண்டு பலகைகள் தெரிகின்றன.

இதைவிட வருத்தம் தருவது ஒன்று உண்டு. விளையாடும்போது தாமதத்தைக் குறைப்பதற்கான கேம் மோட் என்ற அமைப்பை இயக்கியதும் ‘அசைவுத் தெளிவு’ முழுவதும் தானாக அணைந்து, பட்டியலில் அந்த வரியே சாம்பல் நிறமாகிவிடுகிறது. அது அணைய வேண்டியதன் காரணம் எனக்குப் புரிகிறது. நடுப்படத்தைக் கணிக்க அடுத்த படம் வந்து சேரும்வரை தொலைக்காட்சி காத்திருக்க வேண்டும்; 30 ஃப்ரேம் விளையாட்டில் அந்தக் காத்திருப்பு மட்டுமே 33 மில்லிநொடி, கணிப்புக்கான நேரம் தனி. கன்ட்ரோலரையும் திரையையும் ஒரே சட்டகத்தில் வைத்துப் பத்து முறை படம்பிடித்து எண்ணினேன். கேம் மோடில் பொத்தானை அழுத்தியதிலிருந்து திரையில் உருவம் அசையும்வரை சராசரியாக 30 கேமரா ஃப்ரேம்கள் ஆயின. கேம் மோடை அணைத்து ‘அசைவுத் தெளிவு’ இயங்கும்போது 54 ஆயின. கூடுதல் தாமதம் மட்டும் பத்தில் ஒரு நொடி. தாவ வேண்டிய இடத்தில் தாவினால் உருவம் பள்ளத்தில் விழுந்த பிறகுதான் தாவுகிறது. ஆக, விளையாடுவதற்கான அமைப்பில் 240 கிடையாது. 240 உள்ள அமைப்பில் விளையாட முடியாது. இந்த இரண்டையும் ஒரே பெட்டியின் முகப்பில் ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சிட்டவர்களுக்கு இது தெரியாமல் இருந்திருக்க முடியாது.

வி.ஆர்.ஆர். எனப்படும் மாறும் புதுப்பிப்பு வீதம் குறித்தும் ஒரு சொல். அதுவும் பெட்டியில் உள்ளது. கையேட்டின் கடைசிப் பக்கத்தில் அதன் எல்லை 48 முதல் 60 ஹெர்ட்ஸ் வரை என்று இருக்கிறது. விளையாட்டு 55 ஃப்ரேமுக்குத் தடுமாறும்போது திரையும் அதற்கேற்ப இசைந்து கொடுப்பதை நான் கண்டேன், அதை மறுக்கவில்லை. ஆனால் 30க்கும் 48க்கும் நடுவில் விழுந்தால் காப்பாற்ற வழியே இல்லை. உச்ச வேகம் 120 ஆக இருந்தால் 40 ஃப்ரேம் ஓட்டத்தில் ஒவ்வொரு படத்தையும் இருமுறை காட்டி 80 ஹெர்ட்ஸில் சமாளிக்கலாம். 60இல் அது இயலாது. இன்று பல விளையாட்டுகள் தரும் 40 ஃப்ரேம் தெரிவும் எனக்கு எட்டாது. 120 ஹெர்ட்ஸ் திரையில் ஒவ்வொரு படமும் சரியாக மூன்று முறை காட்டப்பட்டு 25 மில்லிநொடி சீராக நிற்கும். 60 ஹெர்ட்ஸ் திரையிலோ ஒரு படம் 16.7, அடுத்தது 33.3 என்று மாறி மாறி நிற்பதால் ஓட்டம் நொண்டும். அதனாலேயே கன்சோல் என் திரைக்கு அந்தத் தெரிவைக் காட்டுவதே இல்லை.

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். 60 ஹெர்ட்ஸ் பேனலை விற்பது குற்றமன்று. அதைவிட விலை உயர்ந்த, புள்ளிகள் தாமே ஒளிரும் ஓ.எல்.இ.டி. திரையும் 60 ஹெர்ட்ஸில் ஓடினால் அதே பிடித்து நிறுத்தும் மங்கலைத் தரும். அதன் புள்ளிகள் நொடிப்பொழுதில் மாறிவிடுவதால் 30 ஃப்ரேம் விளையாட்டில் திணறல் அங்கு இன்னும் கூடுதலாகவே கண்ணில் படும். எந்தத் தொழில்நுட்பத்திலும் குறை உண்டு. வாங்குபவர் தமக்கு ஏற்றதைத் தேர்ந்துகொள்வார். ஆனால் தேர்ந்துகொள்வதற்கு உண்மையான எண் அவர் கண்ணில் பட வேண்டும். தங்கள் பெட்டியின் எந்தப் பக்கத்திலும், கையேட்டின் எந்த வரியிலும் ‘பேனலின் புதுப்பிப்பு வீதம் 60 ஹெர்ட்ஸ்’ என்ற சொற்கள் இல்லை. அவை இருந்திருந்தால் நான் இதை வாங்கியிருக்க மாட்டேன், தங்களுக்கு இக்கடிதமும் வந்திருக்காது.

ஆகவே, இத்தொலைக்காட்சியைத் திரும்பப் பெற்றுக்கொண்டு நான் செலுத்திய முழுத் தொகையையும் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். அல்லது 4கே தெளிவில் உண்மையிலேயே 120 ஹெர்ட்ஸ் இயங்கும் பேனலும் 48 முதல் 120 வரையிலான வி.ஆர்.ஆர். எல்லையும் உடைய வேறொரு மாடலை மாற்றித் தந்தால், விலை வேறுபாடு நியாயமாக இருக்கும் பட்சத்தில் அதைச் செலுத்த நான் ஆயத்தமாக இருக்கிறேன். சேவை மையத்தில் முன்பு சொன்னதுபோல் இலவச எச்.டி.எம்.ஐ. கேபிள் ஒன்றை அனுப்பிப் புகாரை முடித்துவிட வேண்டாம்.

என் ஒருவனின் குறை தீர்வதோடு இது நின்றுவிடக் கூடாது என்றும் விரும்புகிறேன். இனி அச்சிடும் பெட்டிகளிலும் தங்கள் விளம்பரங்களிலும் பேனலின் உண்மையான புதுப்பிப்பு வீதத்தையும் வி.ஆர்.ஆர். எல்லையையும் அதே அளவு எழுத்தில் குறிப்பிடுங்கள்; ‘அசைவுத் தெளிவு’ கேம் மோடில் இயங்காது என்பதையும் அங்கேயே சொல்லுங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்காக, பின்னொளியை ஒரு படத்துக்கு ஒரு முறை மட்டும் மின்னச் செய்யும் ஒரு தெரிவைக் கேம் மோடில் சேர்க்க மென்பொருள் வழியே இயலுமா என்று தங்கள் பொறியாளர்கள் பார்க்க வேண்டும். வெளிச்சம் குறையும், சிலர் கண்ணுக்குத் துடிப்பும் தெரியும். இருந்தாலும் 60 ஃப்ரேம் விளையாட்டுகளில் விளிம்புகள் ஒற்றைக் கோடாகத் தெரியும், தாமதமும் பெரிதாக அதிகரிக்காது. என்னைப் போன்றவர்கள் அந்தப் பரிமாற்றத்தை மனமுவந்து ஏற்போம்.

கேமராப் பதிவுகள், தாமதத்தை எண்ணிய அட்டவணை, கன்சோலின் அறிவிப்புத் திரையின் படம், வாங்கிய ரசீதின் நகல் ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன். பதிவுகளைத் தங்கள் பொறியாளர் ஒருவர் நேரில் பார்த்துச் சரிபார்க்க விரும்பினால், கருவியும் கன்சோலும் இணைத்த நிலையிலேயே என் வீட்டில் இருக்கின்றன. இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள், தொலைபேசியில் அல்லாமல் எழுத்து வடிவில், பேனலின் புதுப்பிப்பு வீதம் எவ்வளவு என்ற கேள்விக்கு நேரான விடையுடன் தங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தொலைக்காட்சியை வாங்கிய வாடிக்கையாளர்.