ரத்தம் ஏற்றாமல் கரைசேர்த்த கைகளுக்கு நன்றி

யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் ரத்தம் ஏற்றிக்கொள்ள மாட்டார்கள். அப்படிப்பட்ட நோயாளிகளுக்கு, அவர்கள் நம்பிக்கையை மீறாமல் சிகிச்சை தரத் துணைநின்ற அனைவருக்கும் எங்கள் மருத்துவக் குழுவின் நன்றி.

முதல் நன்றி லேப் ஊழியர்களுக்கு. பெரியவர்களுக்கான டியூபில் 4, 5 மி.லி. ரத்தம் போகும், குழந்தைகளுக்கான டியூபில் 1 மி.லி.யே போதும். தீவிர சிகிச்சைப் பிரிவில் பரிசோதனைக்கென்று உறிஞ்சுவதே ஒரு நாளில் 40 மி.லி.யைத் தாண்டிவிடும். ஹீமோகுளோபின் 5 கிராமுக்கு இறங்கியவருக்கு அது பெரிய இழப்பு. தினசரிப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்து "இது இன்றைக்கு அவசியமா?" என்று கேட்டீர்களே, அந்தக் கேள்வி எந்த மருந்துக்கும் குறைந்ததல்ல.

ஹீமோப்யூரைத் தனி அனுமதி பெற்று வரவழைத்த மருந்தாளுநர்களுக்கும் நன்றி. மாட்டு ரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பிணைத்துச் செய்த, ஆக்சிஜனைச் சுமக்கும் இந்தத் திரவத்தைத் தென்னாப்பிரிக்கா 2001லேயே அனுமதித்தது. பெரும்பாலான நாடுகளில் இன்றும் ஒவ்வொரு நோயாளிக்கும் தனியாகக் கேட்டுப் பெற வேண்டும். ரத்த வகை பார்க்கத் தேவையில்லை, குளிர்பதனமும் வேண்டாம். ஆனால் உடலில் ஏற்றிய ஏறக்குறைய ஒரு நாளில் பாதி மறைந்துவிடும். ரத்தத்துக்கு மாற்று என்று இதை அழைப்பதே மிகை. எலும்பு மஜ்ஜை விழித்தெழுந்து புதிய சிவப்பணுக்களை உண்டாக்கும்வரை அவகாசம் வாங்கித் தருகிறது, அவ்வளவுதான். சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொயட்டின் என்ற ஹார்மோன் ஊசி பலன்தர ஒரு வாரம் போல ஆகும். அதையும் நரம்புவழி இரும்புச்சத்தையும் முதல் நாளே தொடங்காவிட்டால் வாங்கிய அவகாசம் வீண். சில எரித்ரோபொயட்டின் ஊசிகளில் மனித ரத்தத்திலிருந்து பிரித்த அல்புமின் என்ற புரதம் உண்டு. சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு, பிளாஸ்மா நான்கையும் மறுப்பவர்கள், அல்புமினை ஏற்பதா என்பதை அவரவர் மனசாட்சிப்படி முடிவெடுப்பார்கள். லேபிளைப் படித்து முன்கூட்டியே கேட்டுவைத்ததற்குத் தனி நன்றி.

அறுவை அரங்கில், சிந்தும் ரத்தத்தைச் சேர்த்துக் கழுவி நோயாளிக்கே திருப்பித் தரும் செல் சேவர் கருவியை இயக்கியவர்களே, குழாய்த் தொடர்பு நோயாளியின் உடலிலிருந்து ஒரு கணமும் அறாமல் பார்த்துக்கொண்டீர்கள். அறுந்தால் பலர் தம் சொந்த ரத்தத்தையே திரும்ப ஏற்க மாட்டார்கள்.

மீண்டும் லேபுக்கே வருகிறோம். ஹீமோப்யூர் ஏறியபின் ரத்த டியூபை இயந்திரத்தில் சுழற்றினால் மேலே நிற்கும் பிளாஸ்மா மஞ்சளாக இராது, சிவந்திருக்கும். அணுக்கள் உடைந்து கெட்டுப்போன ரத்தம் என்று கொட்டிவிட்டு மறுபடி ரத்தம் கேட்பதே வழக்கம். நீங்கள் கொட்டவில்லை; நிறத்தை வைத்து அளக்கும் பிலிருபின் (கல்லீரல்), கிரியாட்டினின் (சிறுநீரகம்) போன்ற பரிசோதனை முடிவுகளை நம்ப வேண்டாம் என்று குறிப்பெழுதி அனுப்பினீர்கள்.

இரவுப் பணி நர்ஸுகளுக்கு: ஹீமோப்யூரில் இருப்பதுபோல் அணுவுக்கு வெளியே திரியும் ஹீமோகுளோபின், ரத்தக் குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடை விழுங்கிவிடும், ரத்த அழுத்தம் ஏறும். ஏறியதை வலியால் வந்தது என்று ஒதுக்காமல், சொட்டு வேகத்தைக் குறைக்கலாமா என்று உடனே அழைத்துக் கேட்டீர்கள். மிக்க நன்றி.