வண்டியைத் தாழ்த்தினீர்கள் சரி, அடித்தட்டு எங்கே?

பட்டறை மேலாளருக்கு,

வணக்கம். போன மாதம் உங்கள் பட்டறையில் என் காருக்கு லோயரிங் ஸ்பிரிங் போட்டு 40 மில்லிமீட்டர் தாழ்த்தினேன். அந்த வேலை நன்றாகவே இருக்கிறது, அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் வேலை செய்யும்போது இன்ஜினுக்குக் கீழே இருந்த பிளாஸ்டிக் அடித்தட்டைக் கழற்றியவர்கள் அதைத் திருப்பி மாட்டவில்லை. ரசீதில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. என்னிடம் யாரும் கேட்கவும் இல்லை.

மாலையில் மத்திய விரைவுச்சாலையில் வண்டிகள் ஊர்ந்து போகும் நேரத்தில் ஓபிடி கருவி (இன்ஜின் அளவுகளைப் படித்துக் காட்டுவது) இப்போது கூலண்ட் சூட்டை, அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவத்தின் சூட்டை, 108 டிகிரி என்று காட்டுகிறது. முன்பு அதே சாலையில் அதே நெரிசலில் 95 டிகிரியைத் தாண்டியதில்லை. சிக்னலில் நின்றால் ஏர்கானில் வெறும் காற்றுதான் வருகிறது, வண்டி நகர்ந்த பிறகுதான் குளிர்கிறது. பின்னால் உட்கார்ந்திருக்கும் அம்மா முந்தானையால் விசிறிக்கொள்கிறார்.

போன் செய்து கேட்டதற்கு உங்கள் கவுண்டரில் இருக்கும் தம்பி, "தாழ்த்தின வண்டி எல்லாமே கொஞ்சம் சூடாகும் அண்ணே, நம்ம ஊர் வெயில் அப்படி" என்றார். இதை நான் ஏற்க மாட்டேன். கம்பெனியிலிருந்தே தாழ்வான சஸ்பென்ஷனோடு வரும் கார்கள் இதே வெயிலில்தான் ஓடுகின்றன, அவற்றில் அடித்தட்டு இருக்கிறது. நல்ல நிலையில் உள்ள வண்டியை 40 மில்லிமீட்டர் இறக்கியதால் மட்டும் 13 டிகிரி ஏறாது.

கூலண்டை ஆறவைக்கும் ரேடியேட்டர் வழியாகக் காற்று போக வேண்டுமென்றால் முன்னால் அழுத்தம் கூடுதலாகவும் பின்னால், அதாவது இன்ஜின் இருக்கும் இடத்தில், குறைவாகவும் இருக்க வேண்டும். அடித்தட்டும் பம்பருக்கு அடியில் தொங்கும் ரப்பர் தடுப்பும் இதற்காகத்தான் இருக்கின்றன. அவை இல்லாவிட்டால் வண்டி ஓடும்போது கீழிருந்து காற்று மேலே புகுந்து பானட்டுக்கு அடியில் அழுத்தத்தைக் கூட்டிவிடும், ரேடியேட்டர் வழியாக வர வேண்டிய காற்று குறைந்துவிடும். நிற்கும்போது இன்னும் மோசம். விசிறி பின்னால் தள்ளும் சூடான காற்று தரையில் மோதி, தாழ்த்திய வண்டியில் பின்பக்கம் போக இடைவெளியும் குறைந்துவிட்டதால், பம்பருக்கு அடியில் முன்னால் சுற்றி வந்து மறுபடி ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஏர்கான் கண்டென்சருக்குள்ளேயே போகிறது. ஏர்கான் சிக்னலில் சோர்வதும் இதனால்தான். அடித்தட்டு இருந்தால் அந்த வழி அடைபட்டிருக்கும்.

வேறொரு இடத்தில் வண்டியை லிஃப்டில் ஏற்றிப் பார்த்தேன். தட்டை மாட்டும் கிளிப்புகளில் சில கட்டர் வைத்து வெட்டப்பட்டு, பாதித் தலையோடு துளையிலேயே நிற்கின்றன. இடது சக்கர வளைவின் லைனர் (உள்பக்க பிளாஸ்டிக் உறை) பிடிப்பில்லாமல் தொங்கி, டயரில் உரசி ஓரம் வழவழப்பாகிவிட்டது. கீழ் ரேடியேட்டர் குழாய் இணைப்பில் இளஞ்சிவப்பு நிறத்தில் கூலண்ட் காய்ந்து படிந்திருக்கிறது. ரேடியேட்டர் மூடி தரும் அழுத்தத்தால் 108 டிகிரியில் கூலண்ட் கொதிப்பதில்லை, ஆனால் தினமும் இப்படிச் சூடேறினால் ரப்பர் குழாய்களும் பிளாஸ்டிக் தொட்டியும் சீக்கிரம் கெட்டுப்போகும். சிஓஇ, அதாவது சிங்கப்பூரில் கார் வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ், முடிய இன்னும் மூன்று வருடம் இருக்கிறது, அதுவரை எனக்கு இந்த இன்ஜின்தான்.

அப்புறம் நீங்கள் சொன்ன தீர்வுகள். சீக்கிரம் திறக்கும் தெர்மோஸ்டாட் (சூடானதும் கூலண்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு) போடலாம் என்றீர்கள். அது முழுதாகத் திறந்த பிறகு ரேடியேட்டருக்குக் கூடுதல் பலம் எதையும் தராது, 108 டிகிரியில் என் பழைய தெர்மோஸ்டாட்டும் முழுதாகத் திறந்துதான் இருக்கும். பானட்டின் பின்பக்கத்தை வாஷர் வைத்துத் தூக்கலாம் என்றீர்கள். நிற்கும்போது கொஞ்சம் சூடு வெளியேறும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஓடும்போது முன்கண்ணாடியின் அடிப்பகுதியில் அழுத்தம் கூடுதல் என்பதால் அந்த இடைவெளி வழியாகக் காற்று உள்ளேதான் போகும். காருக்குள் காற்று எடுக்கும் வழியும் அங்கேதான் இருக்கிறது, இன்ஜின் வாடையை என் அம்மா முகர வேண்டியதில்லை. உங்கள் கையால் கழற்றிய ஒரு பாகத்தை மாட்டாமல் விட்டுவிட்டு, அதனால் வந்த சூட்டுக்கு இரண்டு புதுப் பாகங்களை என்னிடம் விற்கப் பார்க்கிறீர்கள். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

என் வண்டிக்கு உரிய அசல் அடித்தட்டு, ரப்பர் தடுப்பு, புதுக் கிளிப்புகள், இடது லைனர் எல்லாவற்றையும் உங்கள் செலவில் மாட்டித் தர வேண்டும். தாழ்த்திய பிறகு தட்டு தரையில் இடிக்கும் என்பது உங்கள் காரணமானால், முன்பக்கத்தைத் தேவையான அளவு உயர்த்தி மாட்டுங்கள், நாலு மில்லிமீட்டர் அழகு போனால் பரவாயில்லை. கசியும் குழாயையும் மாற்ற வேண்டும். வேலை முடிந்ததும் உங்கள் ஆள் ஒருவர் என்னோடு வண்டியில் உட்கார்ந்து, ஏர்கானைப் போட்டு நிற்கும் நிலையில் ஓபிடி அளவைப் பார்க்கட்டும்.

இரண்டு வாரத்துக்குள் எழுத்தில் பதில் வேண்டும், போனில் வேண்டாம். வராவிட்டால் சிங்கப்பூர் பயனீட்டாளர் சங்கத்திடம் போவேன். அங்கும் முடியாவிட்டால் 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை எடுத்துக்கொள்ளும் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. லிஃப்டில் எடுத்த படங்களையும் சூட்டு அளவுகளின் பதிவையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். பாகங்கள் வந்ததும் தேதியைச் சொல்லுங்கள், வண்டியைக் கொண்டுவருகிறேன்.